கடைசி தேதிய எழுத்தா பாக்காதீங்க, தேதியா பாருங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் திண்டுக்கல்ல சின்ன அளவுல வெப்சைட் செஞ்சு குடுக்குற வேலை பாக்குறேன், பதினோரு வருஷமா இதுதான் சோறு போடுது. கோயில், பள்ளிக்கூடம், அறக்கட்டளை, சங்கம்னு எங்க ஊர்ப்பக்கம் இருக்குறவங்களுக்கு அறிவிப்பு போடுற மாதிரி, ஃபார்ம் வாங்குற மாதிரி சைட்டு, எல்லாமே பிஎச்பிங்கற கம்ப்யூட்டர் மொழியிலதான். உங்க பேப்பர்ல வர்ற கல்விப் பக்கத்த வாராவாரம் விடாம படிக்கிறேன், எந்த உதவித்தொகைக்கு எப்ப கடைசி தேதி, எந்த சைட்ல போடணும்னு நீங்க போடுறத கத்தரிச்சு எடுத்து வச்சு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு குடுக்குறதும் உண்டு. ஆனா நீங்க சரியா போட்ட தேதிய அந்த சைட்டு தப்பா புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கணும்.

2023 டிசம்பர்ல நடந்தது. ஒரு அறக்கட்டளை பத்தாவது, பதினொண்ணாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் உதவித்தொகை குடுக்குறாங்க. டிசம்பர் 1 ஆரம்பம், கடைசி நாள் 5.1.2024 மாலை 5 மணி. டிசம்பர் 20 வாக்குல அங்க ஆபீஸ் பாத்துக்குற ஐயா எனக்கு போன் பண்ணி, தம்பி இந்த வருஷம் ஃபாரமே வரல, மொத நாலு நாள் வந்ததோட சரி, சைட்ல ஏதோ கோளாறா பாருங்கன்னாரு. அந்த சைட்டு வேற ஒருத்தர் செஞ்சது, அவரு வெளியூர் போயிட்டாரு. நான் தொறந்து பாத்தா மொத பக்கத்துலயே செவப்புல 'விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது'ன்னு நிக்குது, இன்னும் ரெண்டு வாரம் மிச்சம் இருக்கு! அதுக்கு முன்னாடி ஒரு அம்மா மகள கூட்டிக்கிட்டு பஸ் ஏறி டவுனுக்கு வந்து பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்காங்க, அங்க வேலை பாக்குற பையன் ஸ்கிரீன பாத்துட்டு முடிஞ்சு போச்சும்மான்னு சொல்லி அனுப்பிட்டான். அவன் மேல தப்பில்ல, ஸ்கிரீன்ல இருந்தததான் சொன்னான். அந்த அம்மா பேரும் நம்பரும் யாருகிட்டயும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் அது என் மனச விட்டு போகல.

அந்த சைட்டுக்கு எழுதியிருக்குற ப்ரோகிராம் கோடு பாத்தா காரணம் ஒரே வரிதான். இன்னிக்கு தேதிய நாள்-மாசம்-வருஷம்னு எழுத்தா எடுத்து, கடைசி தேதியையும் அதே மாதிரி எழுத்தா வச்சு, இது அதவிட பெருசான்னு கேட்டு, பெருசுன்னா முடிஞ்சதுன்னு போட்டிருக்காங்க. படிக்கிறப்ப சரியாத்தான் தெரியும், ஏன்னா நம்ம கண்ணு தேதியாப் பாக்குது. மெஷினு அத அகராதியில வார்த்தை பாக்குற மாதிரி இடது பக்கத்துலருந்து ஒவ்வொரு எழுத்தா பாக்கும். 20-12-2023, 05-01-2024 ரெண்டையும் குடுத்தா மொத எழுத்து 2, இந்தப் பக்கம் 0, அவ்வளவுதான், 2 பெருசு, முடிஞ்சது. மாசம் வரைக்கும், வருஷம் வரைக்கும் அது போகவே இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, டிசம்பர் 1லருந்து 4 வரைக்கும் சரியா வேலை செஞ்சிருக்கு. 01, 02, 03, 04 எல்லாம் 05அ விட சின்னது. 5ஆம் தேதி காலையில நாள் ரெண்டும் 05ன்னு ஒண்ணா நிக்குது, அடுத்தது மாசத்தோட மொத எழுத்து, 12ல 1, 01ல 0, மூடிருச்சு. 31 வரைக்கும் மூடியே இருந்திருக்கும். ஜனவரி 1ஆம் தேதி தானாவே தொறந்திருக்கும், 5 வரைக்கும் தொறந்து 6ஆம் தேதி மூடும். அதோட விடல, பிப்ரவரி 1ஆம் தேதி திரும்ப தொறக்கும், நாலு நாள் தொறந்து 5ல மூடும், மார்ச்சுலயும் அதே, இப்படியே மாசாமாசம் மொத நாலு நாள் தொறந்து மூடிக்கிட்டே இருந்திருக்கும். இதை செஞ்சவரு டிசம்பர் மொத வாரத்துல போட்டுப் பாத்து சரியா இருக்குன்னு குடுத்திருப்பாரு. அவருக்கு அன்னிக்கு உண்மையிலேயே சரியாத்தான் இருந்திருக்கு.

இன்னொன்னும் சேந்துக்கிச்சு. அதே பக்கத்துல 'இன்னும் இத்தனை நாள்'னு ஒரு எண்ணு ஓடும். பிஎச்பியில ரெண்டு தேதிக்கு நடுவுல வித்தியாசம் எடுத்தா ஒரு விடை வரும், அதுக்குள்ள டின்னு ஒண்ணு, டேஸ்னு ஒண்ணு. டேஸ்ங்கறது மொத்த நாள். டிங்கறது வருஷம், மாசம் கழிச்சது போக மிச்சம் நிக்கிற நாள் மட்டும். டிசம்பர் 1க்கும் ஜனவரி 5க்கும் மொத்தம் 35 நாள், அத அது ஒரு மாசம் நாலு நாள்னு பிரிச்சு வச்சிருக்கும். இவங்க எடுத்தது டி. அதனால டிசம்பர் 1ஆம் தேதி பக்கத்துல 'இன்னும் 4 நாள்'னு வந்திருக்கு, மறுநாள் 3, அப்புறம் 2, 1, 5ஆம் தேதி 0. அதே 5ஆம் தேதிதான் மேல இருக்குற வரியும் மூடுது. ரெண்டு வேற வேற தப்பு, ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்ற மாதிரி சரியா பொருந்திப் போச்சு! பாத்த யாருக்கும் சந்தேகமே வரல, நோட்டீஸ்லதான் தேதி தப்பா அடிச்சுட்டாங்க போலன்னு நெனச்சிருக்காங்க.

நம்ம கல்யாணப் பத்திரிகைய எடுத்துப் பாருங்க, நிகழும் மங்களகரமான சோபகிருது வருடம் தை மாதம் இத்தனையாம் நாள்னுதான் இருக்கும். வருஷம் மொதல்ல, அப்புறம் மாசம், அப்புறம் நாள், பெருசுலருந்து சின்னதுக்கு. இந்த வரிசையில எழுதுனா, அதாவது 2024-01-05ன்னு சைபரும் போட்டு எழுதுனா, எழுத்தா ஒப்பிட்டாலும் விடை சரியா வரும். உலக அளவுல ஐஎஸ்ஓ 8601னு வச்சிருக்குற முறையும் இதுதான், மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ்ல தேதிக்குன்னே இருக்குற டேட் காலம்ல (பத்தியில) தேதி நிக்கிறதும் இப்படித்தான். ஆனா நெறய பேரு டேட் காலம் வைக்காம வார்சார் காலம்ல 05-01-2024ன்னு வெறும் எழுத்தா போட்டு வச்சிடுறாங்க, திரையில காட்டுறதுக்கு வசதின்னு. காட்டுறது வேற, சேத்து வைக்கிறது வேற. அப்படி வச்சா அறிவிப்புகள புதுசு மேல வர்ற மாதிரி அடுக்கச் சொன்னாலும் 31ஆம் தேதி போட்டதெல்லாம் எந்த மாசமா இருந்தாலும் மேல வந்து நிக்கும்.

சரி, நான் எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன், அதுலயும் நான் மொதல்ல தப்புத்தான் பண்ணேன். அவசரத்துல ஸ்ட்ர்டூடைம்னு ஒரு ஃபங்ஷன், அதாவது மொழியிலயே ரெடியா இருக்குற கட்டளை இருக்கு, எழுத்துல இருக்குற தேதிய டைம்ஸ்டாம்பா, அதாவது 1970 ஜனவரி 1லருந்து எத்தன செகண்டு ஆச்சுங்கற எண்ணா மாத்தும், அத ரெண்டு பக்கமும் போட்டு எண்ண எண்ணோட ஒப்பிட வச்சேன். பக்கம் தொறந்துருச்சு, எனக்கும் நிம்மதி. அறக்கட்டளைக்காரங்க பாவம் பிள்ளைங்க ரெண்டு வாரம் இழந்துட்டாங்கன்னு ஜனவரி 12 வரைக்கும் நீட்டிச்சாங்க, ஐயா அத 12/01/2024ன்னு டைப் பண்ணிட்டாரு. இப்படி சாய்வுக் கோடு போட்டா அந்த ஃபங்ஷன் அமெரிக்கா வழக்கம்னு எடுத்துக்கும், மாசம் மொதல்ல, அப்ப அது 2024 டிசம்பர் 1. நடுவுல சின்னக் கோடு, 12-01-2024ன்னு போட்டா நம்ம வழக்கப்படி ஜனவரி 12. ஒரே எண்ணு, நடுவுல இருக்குற குறி மாறினா பத்தரை மாசத்துக்கு மேல வித்தியாசம். நல்லவேளையா அன்னிக்கு ராத்திரியே கண்ணுல பட்டுச்சு.

அதுக்கப்புறம் எனக்கு தூக்கம் வரல, வீட்ல உக்காந்து நம்ம ஆளுங்க எப்படியெல்லாம் தேதி எழுதுவாங்களோ அப்படியெல்லாம் போட்டுப் பாத்தேன். 12-01-24ன்னு வருஷத்த ரெண்டு எழுத்துல போட்டா 2012 ஜனவரி 24ன்னு எடுக்குது, ஏன்னா சின்னக் கோடும் ரெண்டெழுத்து வருஷமும் சேந்தா வருஷம்தான் மொதல்லன்னு அதுக்கு விதி. 12.01.24ன்னு புள்ளி வச்சா அது தேதியே இல்லையாம், மணியாம், இன்னிக்கு பன்னெண்டு மணி ஒரு நிமிஷம் 24 செகண்டு. அப்ப தினமும் சர்வர் கணக்குல மத்தியானம் வரைக்கும் தொறந்து, அப்புறம் மூடி, ராத்திரி பன்னெண்டுக்கு மேல திரும்ப தொறக்கும், என்னிக்குமே முடியாது. புள்ளி வச்சு எழுதுறதுதான் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், ரேஷன் கடை போர்டுலருந்து லெட்டர்பேடு வரைக்கும். 25/01/2024ன்னு போட்டா இருபத்தஞ்சாவது மாசம் கெடையாதுங்கறதால ஃபால்ஸ், அதாவது 'இல்ல'ங்கற விடை வரும், அத அப்படியே தேதியா காட்டச் சொன்னா 01-01-1970ன்னு வரும். சில ரசீதுல, சில ஆபீஸ் சைட்ல இந்த 1970 தேதிய வாசகர்கள் பாத்திருப்பீங்க, பெரும்பாலும் தேதி படிக்க முடியாமப் போயி சைபர் ஆன எடம்தான் அது.

அதனால குறிய பாத்து ஊகிக்கிற ஃபங்ஷன விட்டுட்டு, தேதி இந்த வடிவத்துலதான் வரும்னு நாமளே சொல்லிக் குடுக்குற முறைக்கு மாறிட்டேன், கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மட்னு பேரு, தேதிய மாறாம வச்சுக்குற டேட்டைம்-இம்யூட்டபிள்ங்கற கிளாஸ்ல இருக்கு, அந்த கிளாஸ் 2013ல பிஎச்பி 5.5ஓட வந்துச்சு. அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. நாள், மாசம், வருஷம் மட்டும் குடுத்தா மணிய இந்த நிமிஷத்துலருந்து எடுத்து ஒட்டிக்கும், வடிவத்துக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டாத்தான் மணி சைபர் ஆகும். 31-02-2024ன்னு குடுத்தாலும் கோச்சுக்காம மார்ச் 2ன்னு நகத்தி வச்சுக்கும், அதனால செக்டேட் போட்டு அப்படி ஒரு நாள் உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கணும். பழைய டேட்டைம் கிளாஸ்ல கடைசி தேதிய இன்னொரு பேருல வச்சு ஏழு நாள் கூட்டுனா மொதல்ல இருந்ததும் சேந்து ஏழு நாள் நகந்துரும், இம்யூட்டபிள்ல அந்த பயம் இல்ல. இந்த மாதிரி ரெண்டு தேதிய பெருசா சின்னதான்னு நேராவே கேக்கலாம், சரியா சொல்லும்.

அடுத்தது மணி. 5ஆம் தேதின்னு மட்டும் குடுத்தா அது 5ஆம் தேதி பொறக்குற நேரம், ராத்திரி பன்னெண்டு. இப்ப மணி அதத் தாண்டிருச்சான்னு கேட்டா, கடைசி நாள் முழுக்க மூடிக் கெடக்கும். நோட்டீஸ்ல மாலை 5 மணின்னா 5 மணின்னே கோட்லயும் எழுதணும். அதுக்கு மேல அந்த சர்வர் யுடிசிங்கற உலகப் பொது நேரக் கணக்குல ஓடுது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நம்ம பஞ்சாங்கத்துல சூரிய உதயத்துலதான் நாள் பொறக்கும்பாங்க, கிட்டத்தட்ட அதே மாதிரி அந்த சர்வருக்கு நம்ம நாள் காலையில 5:30க்குத்தான் பொறக்குது. விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு அறிவிப்பு போட்டா நேத்து தேதி விழும். மாலை 5ன்னு டைம்ஜோன் சொல்லாம எழுதுனா நமக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் தொறந்திருக்கும். ஏசியா கொல்கத்தான்னு டைம்ஜோன ஒரு வரியில சொல்லிட்டா போதும், ஆனா அந்த ஒரு வரி பல சைட்ல இல்ல. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், சிங்கப்பூர், மலேசியா ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்கருந்து படிக்கிறவங்களுக்கும் சேத்து எழுதுற சைட்டுனா யாரோட மாலை 5ன்னு பக்கத்துலயே எழுதிரணும்.

தேதிக்கு மட்டும் இல்ல, மத்த மதிப்ப ஒப்பிடுறதுலயும் இதே கதை. பிஎச்பிய ராஸ்மஸ் லெர்டார்ஃப்ங்கறவரு தன்னோட சொந்த ஹோம்பேஜுக்காக எழுத ஆரம்பிச்சு 1995 ஜூன்ல வெளிய விட்டாரு. வெப் ஃபார்ம்லருந்து வர்றது எல்லாமே எழுத்தாத்தான் வரும், 5ன்னு டைப் பண்ணாலும் அது எழுத்து, அதனால எண்ணு மாதிரி தெரிஞ்சா எண்ணாவே எடுத்துக்கலாம்னு ஒரு வசதி அந்த மொழியில இருக்கு. ரெண்டு மதிப்பு ஒண்ணான்னு கேக்குறப்ப ரெண்டு ஈக்வல் குறி போட்டா அந்த வசதி வேலை செய்யும், மூணு ஈக்வல் போட்டா எழுத்துக்கு எழுத்து, வகைக்கு வகை அப்படியே பாக்கும். அறக்கட்டளை சைட்ல பிள்ளைங்களுக்கு கோடு நம்பர் எப்படின்னா, பத்தாவது ஈ செக்சன் ரெண்டாம் நம்பர்னா 10ஈ2, அந்த ஈ இங்கிலீஷ் எழுத்து. போன வருஷத்து விண்ணப்பமெல்லாம் வெறும் வரிசை எண்ணு. ஏற்கனவே போட்டவங்களான்னு ரெண்டு ஈக்வல் வச்சு பாத்திருக்காங்க. எண்ணுக்கு நடுவுல ஈ வந்தா அது கணக்குல பத்தின் அடுக்கு, 10ஈ2ன்னா பத்தை நூறால பெருக்குறது, அதாவது 1000. போன வருஷம் ஆயிரமாவதா போட்ட பிள்ளையும் இந்த வருஷம் பத்தாவது ஈ செக்சன் ரெண்டாம் நம்பரும் ஒண்ணுன்னு சொல்லிருச்சு. 12ஈ1ன்னா 120. ஏ, பி, சி, டி செக்சன் பிள்ளைங்களுக்கு ஒரு பிரச்சனையும் வரல, ஈ செக்சன்ல சில பிள்ளைங்களுக்கு மட்டும் 'நீங்கள் ஏற்கனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்'. அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சாங்க சார்? ஈ செக்சன்ல படிச்சாங்க, அவ்வளவுதான். மூணாவதா ஒரு ஈக்வல் போட்டதும் சரியாயிருச்சு. இன்-அர்ரேன்னு தேடுற ஃபங்ஷன், மதிப்ப பாத்து வழி பிரிக்கிற ஸ்விட்ச் ரெண்டும் ரெண்டு ஈக்வல் மாதிரிதான் பாக்கும், அங்கயும் இதே ஜாக்கிரதை வேணும்.

பாஸ்வேர்டு விஷயத்துல இது இன்னும் ஆபத்து. பாஸ்வேர்ட அப்படியே வைக்காம ஹேஷ்னு உருமாத்தி வைப்பாங்க, அதுல எம்டி5ங்கறது ஒரு பழைய முறை. 240610708ங்கற எண்ணோட எம்டி5 எடுத்தா 0, அடுத்து ஈ, அடுத்து முழுக்க எண்ணாவே வரும், சைபருக்கு என்ன அடுக்கு போட்டாலும் சைபர்தானே, அதனால இதே மாதிரி ஹேஷ் வர்ற வேற எந்த பாஸ்வேர்டோடயும் ரெண்டு ஈக்வல்ல ஒண்ணாயிரும். இதுக்குன்னே பாஸ்வேர்டு-வெரிஃபைன்னு ஃபங்ஷன் இருக்கு, அதத்தான் போடணும்.

2020 நவம்பர்ல பிஎச்பி 8.0 வந்தப்ப இதுல ஒரு பகுதிய மாத்துனாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் 0ங்கற எண்ணையும் மதுரைங்கற எழுத்தையும் ரெண்டு ஈக்வல்ல கேட்டா ஆமா ஒண்ணுதான்னு சொல்லும். மாவட்டம்னு ஒரு பெட்டி வச்சு, யாரும் தேர்வு பண்ணலன்னா 0ன்னு எண்ணா விட்டுட்டு, ஸ்விட்ச்ல அகரவரிசையில மாவட்டம் அடுக்கியிருந்தா, தேர்வு பண்ணாத அத்தன பேரும் அரியலூர்ல போய் விழுவாங்க. 8.0க்கு மேல அப்படி ஆகாது, இல்லன்னு சொல்லும். அதுக்கு முந்தின 7.4க்கு பாதுகாப்பு அப்டேட்டு 2022 நவம்பரோட நின்னு போச்சு, சைட்டுக்கு சர்வர்ல எடம் குடுக்குற ஹோஸ்டிங்காரங்க ஒவ்வொருத்தரா புது பிஎச்பிக்கு ஏத்துறாங்க, அப்ப பழைய கோட்ல விடை மாறும், யாரும் கோட்ட தொடாமலே மாறும். ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு ஈக்வல் எங்கெங்க இருக்குன்னு ஒரு தடவ தேடிப் பாத்துட்டா நல்லது. ஆனா ஒண்ணு, 10ஈ2 விஷயம் 8லயும் மாறல, ரெண்டு பக்கமும் எண்ணு மாதிரி இருந்தா இன்னும் எண்ணாத்தான் பாக்கும்.

தமிழ்ல பேரு ஒப்பிடுறதையும் சொல்லிரணும், இத வெளியூர் பாடத்துல யாரும் சொல்லித் தரமாட்டாங்க. கோமதின்னு எழுதுனா அந்த ஓகாரம் யூனிகோடுல ரெண்டு விதமா நிக்கலாம், ஒரே குறியா ஒரு விதம், முன்னாடி வர்ற ரெட்டைக்கொம்பும் பின்னாடி வர்ற காலும் தனித்தனி குறியா இன்னொரு விதம். கண்ணுக்கு ரெண்டும் ஒரே கோமதி, மூணு ஈக்வல் போட்டாலும் இது வேற அது வேறன்னுதான் சொல்லும். பிஎச்பியோட இன்டர்நேஷனலைசேஷன் (intl) எக்ஸ்டென்ஷன்ல நார்மலைசர்னு இருக்கு, டேட்டாபேஸ்ல போடுறதுக்கு முன்னாடியே அதுல விட்டு எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். அதே மாதிரி சாதாரண சார்ட்டுங்கற வரிசைப்படுத்துற ஃபங்ஷன் போட்டா யூனிகோடு எண் வரிசையிலதான் அடுக்கும், ற வந்து ரக்கு பக்கத்துலயே போயி நிக்கும், ள வந்து ழக்கு முன்னாடி வந்துரும். நம்ம அகரவரிசை வேணும்னா அதே எக்ஸ்டென்ஷன்ல இருக்குற கொலேட்டர்ல தமிழ்னு சொல்லி அடுக்கணும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு. ஒண்ணு, கல்விப் பக்கத்துல கடைசி தேதி போடுறப்ப 5.1.2024ன்னு போடாம 2024 ஜனவரி 5, மாலை 5 மணின்னு மாசப் பேரோட போடுங்க. அத பாத்துத்தான் சின்னச் சின்ன ஆபீஸ்ல அப்படியே டைப் பண்றாங்க. ரெண்டு, பிசிஏ, டிப்ளமோ படிக்கிற பிள்ளைங்களுக்கு நீங்க போடுற கம்ப்யூட்டர் பகுதியில இந்த ஒப்பீட்டுக்குன்னு ஒரு வாரம் ஒதுக்குங்க. எங்கிட்ட வேலை கத்துக்க வர்ற பிள்ளைங்க டேட்டாபேஸ் இணைப்பு, டிசைன் எல்லாம் நல்லா பண்றாங்க, தேதிய ஒப்பிடச் சொன்னா பத்துல எட்டு பேரு எழுத்தாத்தான் ஒப்பிடுறாங்க, யாரும் சொல்லிக் குடுக்கல அவங்களுக்கு.

அறக்கட்டளை, சங்கம் நடத்துற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. சைட்டு செஞ்சு குடுத்தவருகிட்ட ஃபார்ம் தொறக்குற நாளுக்கு முந்தின நாள், கடைசி நாள் சாயங்காலம் 4:59, அதே நாள் 5:01, வருஷம் மாறுற டிசம்பர் 31, அதுக்கப்புறம் ஒரு மாசம் கழிச்சு ஒண்ணாம் தேதி, இந்த அஞ்சு நேரத்தையும் கோட்ல மாத்தி வச்சு உங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை. அந்த அறக்கட்டளை சைட்ல இப்ப ஒவ்வொரு நவம்பர் கடைசியிலயும் நானே போயி இதை ஓட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன், பக்கத்துக்கு கீழ ஆபீஸ் போன் நம்பரையும் பெருசா போட்டிருக்கோம், முடிந்ததுன்னு காட்டுனாலும் ஒரு தடவ கூப்பிட்டு கேளுங்கன்னு எழுதி.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திண்டுக்கல்.